புயல் வரட்டும், இன்சூரன்ஸ் எடுத்துக்கலாம்

மாஸ்டர் ஒரு தீர்மானத்துக்கு வந்துவிட்டார். புது வீட்டு விஷயத்தில் ஒன்றாவது தன் இஷ்டப்படி நடந்தே ஆக வேண்டும்.

சிரிக்காதீர்கள். மனுஷனுக்கு இந்த ஆசைகூட இருக்கக் கூடாதா? டிரைவிங் ஸ்கூலில் இருபத்திரண்டு வருஷமாகப் பாடம் எடுக்கிறவர். அவர் 'பிரேக்' என்றால் ஊரில் பாதிப் பேருடைய வலது கால் தானாக அழுந்தும். அப்பேர்ப்பட்டவர் வாசற்படி தாண்டி உள்ளே வந்தால் பேச்சு எடுபடாது. வீடு கட்டின பதினாலு மாதத்தில் தரைக்கு என்ன நிறம், சமையலறை எந்தப் பக்கம், கதவு எந்தப் பக்கம் திறக்கணும், எல்லாமே அவர் மனைவி சொன்னபடிதான் நடந்தது. மாஸ்டர் சொல்லி நடந்தது ஒன்றே ஒன்று. செருப்பு வைக்க வாசலில் ஒரு பலகை. அதையும் குடிவந்த மூணாம் நாள் அவள் கழுவித் துடைத்துச் சமையலறைக்குக் கொண்டுபோய் டப்பா அடுக்கிவிட்டாள்.

அதனால் வீட்டு இன்சூரன்ஸ் என்று பேச்சு வந்ததும் மாஸ்டர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். அது தன் இலாகா, அதில் யாரும் தலையிட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவளும் சரி என்றாள். அவ்வளவு சுலபமாக அவள் சரி என்றபோதே அவருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

வீடு இருக்கிற இடத்தையும் சொல்லிவிட வேண்டும். கடலுக்கும் அவர்கள் வாசலுக்கும் நடுவில் நாலே நாலு தெரு. வருஷத்துக்கு ஒரு புயலாவது வந்து எட்டிப் பார்க்காமல் போகாத கரை அது. பத்தொன்பது வருஷம் வாடகை வீட்டில் இருந்தபோது புயல் என்றால் வீட்டுக்காரர் பாடு. மாஸ்டர் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்துக்கொள்வார். இப்போது மாஸ்டரே வீட்டுக்காரர். கூரையில் இருக்கிற ஒவ்வொரு ஓடும் அவருடைய ஓடு.

இன்சூரன்ஸ் கம்பெனி கொடுத்த தாளை அவர் உட்கார்ந்து படித்தார். மூணாம் பக்கத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. புதிதாகக் கட்டின வீடு என்றால் எல்லா ஜன்னலுக்கும் புயல் கதவு மாட்டியிருக்க வேண்டும். மாட்டியாகிவிட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். தராவிட்டால், காற்றால் வருகிற சேதத்துக்கு அவர்கள் பொறுப்பில்லை.

புயல் கதவு என்பது ஜன்னலுக்கு வெளியே கீல் வைத்து மாட்டுகிற அலுமினியக் கதவு. காற்று வரும்போது இழுத்துச் சாத்தித் தாழ் போட்டுவிட்டால் கண்ணாடி தப்பிக்கும். அந்த வீட்டில் பதினோரு ஜன்னல். பதினோரு கதவும் வாங்கியாகிவிட்டது. பின்னறைச் சுவரோரமாக, சுற்றின அட்டையைக்கூடப் பிரிக்காமல் நின்றுகொண்டிருந்தன. தச்சரைக் கூப்பிடலாமா என்று மனைவி கேட்டதற்கு, "பதினோரு கதவு மாட்ட ஒரு ஆளா? அப்ப நான் எதுக்கு இருக்கேன்?" என்று மாஸ்டர் திருப்பிக் கேட்டிருந்தார். அந்தக் கேள்விக்கு ஐந்து மாதமாகப் பதில் கிடைக்கவில்லை.

ஆக, இன்சூரன்ஸ் எடுத்தால் கதவு மாட்ட வேண்டும். கதவு மாட்ட வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமை நாற்காலியை விட்டு எழுந்திருக்க வேண்டும். மாஸ்டருடைய மூளை வேறு வழி கண்டுபிடித்தது. புயல் என்ன, சொல்லாமல் கொள்ளாமலா வருகிறது? நாலு நாளைக்கு முன்னாலேயே டிவியில் படம் போட்டுக் காட்டுகிறார்கள். அதைப் பார்த்துவிட்டு எடுத்தால் போதாதா? வராத புயலுக்கு இப்போதே என்ன அவசரம்? புயல் வரட்டும், எடுத்துக்கலாம். இவ்வளவு எளிய யோசனை இத்தனை நாள் யாருக்கும் தோன்றாமல் போனதே என்று அவருக்கு ஆச்சரியமாகக்கூட இருந்தது. வளைவு கண்ணில் படுவதற்கு முன்னாலேயே வேகத்தைக் குறை என்று தினமும் தொண்டை கிழியக் கத்துகிறவரும் இவர்தான்.

மனைவியிடம் இன்சூரன்ஸ் எடுத்தாகிவிட்டது என்று சொன்னார். போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர்கள் செய்கிற தப்பை அவரும் செய்தார். கொஞ்சம் சேர்த்துச் சொன்னார். ஆபீஸ் மூணாவது மாடி, லிஃப்ட் வேலை செய்யவில்லை, ஏறி இறங்கினதில் முட்டி பிடித்துக்கொண்டது என்றார். அவள் முட்டிக்குத் தைலம் எடுத்துக் கொடுத்தாள். வேறொன்றும் கேட்கவில்லை.

அவள் ஒரு பல் டாக்டர் கிளினிக்கில் முன்மேசையில் உட்காருகிறவள். யார் எந்தத் தேதிக்கு வர வேண்டும் என்று குறித்துக் கொடுப்பது அவள் வேலை. 'நாளைக்குக் கண்டிப்பா வர்றேன்' என்று போனில் சொல்கிறவர்களைப் பன்னிரண்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். யார் வருவார், யார் வரமாட்டார், யார் கன்னம் வீங்கின பிறகு கையில் பிடித்துக்கொண்டு ஓடி வருவார் என்று குரலை வைத்தே சொல்லிவிடுவாள். மாஸ்டர் இதைப் பெருமையாக நாலு பேரிடம் சொல்லியும் இருக்கிறார். தன் குரலும் அதே காதில்தான் விழுகிறது என்பது மட்டும் அவருக்கு உறைக்கவில்லை.

நாட்கள் ஓடின. ஒரு திங்கட்கிழமை, கடலில் எங்கோ காற்று சுழல ஆரம்பித்திருக்கிறது என்றார்கள். மாஸ்டர் அசரவில்லை. சுழலட்டும், இன்னும் பக்கத்தில் வரட்டும் என்று இருந்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவர் ஒரு பேங்க் கேஷியர் அம்மாவுக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். அந்த அம்மா மூணு மாதமாகப் படிக்கிறார். இரண்டாவது கியரைத் தாண்டினதில்லை. கார் ரேடியோவில் செய்தி வந்தது. சுழல் புயலாகிவிட்டது, அதற்குப் பேரும் வைத்தாகிவிட்டது, வெள்ளிக்கிழமை இந்தக் கரையைத்தான் கடக்கப் போகிறது. மாஸ்டருக்கு உள்ளுக்குள் ஒரு குதி. தன் கணக்குத் தப்பவில்லை. இதோ வந்தாச்சு, இதோ எடுக்கப் போகிறோம். காரை நேராக இன்சூரன்ஸ் ஆபீசுக்கு விடச் சொன்னார்.

பத்து நிமிஷத் தூரம். கேஷியர் அம்மா இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு ஊர்ந்தார். ஒரு சைக்கிள்காரர் முந்திக்கொண்டு போனார். போகும்போது மாஸ்டரைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். கொஞ்சம் அழுத்துங்கம்மா என்று மாஸ்டர் கெஞ்சினார். அவசரம் என்கிறவன் நம் காரில் ஏறக் கூடாது என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்று அந்த அம்மா கேட்டார். நல்ல மாணவி.

ஆபீசைப் பார்த்ததும் முதல் அடி விழுந்தது. அது தரைத்தளத்தில் இருந்தது. அதற்கு மேலே மொட்டை வானம்தான். அந்தக் கட்டிடத்துக்கு மாடியே கிடையாது. முட்டியில் தேய்த்த தைலம் ஞாபகம் வந்து மாஸ்டருக்கு ஒரு மாதிரி ஆனது. அவள் மறந்திருப்பாள் என்று தேற்றிக்கொண்டு உள்ளே போனார்.

மேசைக்குப் பின்னால் மூக்குக் கண்ணாடி போட்ட ஒரு பெண் அதிகாரி இருந்தார். புது வீட்டுக்கு இன்றைக்கே பாலிசி வேண்டும் என்று மாஸ்டர் கம்பீரமாகச் சொன்னார்.

"புயலுக்குப் பேர் வச்சாச்சு சார்," என்றார் அதிகாரி.

"வச்சா என்ன? நல்ல பேர்தானே வச்சிருக்காங்க."

"பேர் வச்ச நிமிஷத்துலேர்ந்து புயல் கரையைக் கடக்கிற வரைக்கும் புது பாலிசி கிடையாது. ஏற்கெனவே பாலிசி இருக்கிறவங்ககிட்டகூட ஒரு தாள் வாங்க மாட்டோம். எல்லா கம்பெனியிலயும் இதுதான் விதி. இல்லைன்னா எல்லாரும் புயல் வரட்டும், எடுத்துக்கலாம்னு இருந்துடுவாங்களே. பேர் வச்சதுக்கப்புறம் உங்களை மாதிரி பதினேழு பேர் வந்துட்டாங்க."

பதினேழு பேர். தன் மூளையில் மட்டும் உதித்ததாக அவர் நினைத்திருந்த யோசனை, பதினெட்டாவது ஆளாக வந்து நின்றபோது அவருக்கு வெட்கமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. எத்தனை மணிக்குப் பேர் வைத்தார்கள் என்று கேட்டார். பன்னிரண்டுக்கு என்றார் அதிகாரி. சுவர்க் கடிகாரத்தில் மணி பன்னிரண்டே முக்கால். வெளியே கேஷியர் அம்மா இன்னும் காரை நிறுத்திக்கொண்டிருந்தார்.

மாஸ்டர் விடவில்லை. தெருவைச் சொன்னார், வீட்டு எண்ணைச் சொன்னார், பத்தொன்பது வருஷ வாடகை வாழ்க்கையைச் சொன்னார். வீட்டு எண்ணைக் கேட்டதும் அதிகாரி அவரை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு ஒரு டம்ளர் தண்ணீரை மடமடவென்று குடித்தார். இங்கே நிற்கிற நேரத்துக்கு வீட்டுக்குப் போய் ஜன்னலுக்குப் புயல் கதவு இல்லாவிட்டால் அதை மாட்டுகிற வழியைப் பாருங்கள் என்று மட்டும் சொன்னார்.

அன்றைக்கு மாஸ்டருக்குச் சோறு இறங்கவில்லை. மனைவியிடம் உண்மையைச் சொல்லிவிடலாமா என்று இரண்டு தடவை வாயைத் திறந்தார். இரண்டு தடவையும் அவள் உப்பு வேண்டுமா என்று கேட்டாள். வேண்டும் என்று சொல்லி வாங்கிப் போட்டுக்கொண்டார்.

புதன்கிழமை விடிந்ததும் எதிர்வீட்டு எலக்ட்ரீஷியனிடம் ஏணியும் டிரில் மெஷினும் கேட்கப் போனார். இரண்டும் வாசலில் எடுத்து வைத்தபடி இருந்தன. "எடுத்துக்குங்க மாஸ்டர், நேத்தே துடைச்சு வச்சிட்டேன்," என்றான் அவன். எதற்கு நேற்றே துடைத்தான் என்று கேட்க மாஸ்டருக்கு நேரமில்லை.

முதல் கதவுக்கு ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. மாட்டி முடித்து வியர்வையைத் துடைக்கும்போது, உள்ளேயிருந்து மனைவியின் குரல் வந்தது. அது சமையலறைக் கதவு, இது ஹால் ஜன்னல், இரண்டு விரல் குறையும் பாருங்கள் என்றாள். பார்த்தார். குறைந்தது. கழற்றினார். சுவரில் நாலு ஓட்டை புதிதாகச் சிரித்தன. இரண்டாவது கதவைத் தலைகீழாக மாட்டினார். தாழ்ப்பாள் எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. அதையும் கழற்றினார். மூணாவது கதவில் கை கொஞ்சம் பிடிபட்டது.

நாலாவது கதவுக்கு ஏறியபோது, கிளினிக்குக்குக் கிளம்புவதற்கு முன்னால் அவள் டீ கொண்டுவந்தாள். ஏணிக்குக் கீழே நின்று நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னங்க, திடீர்னு?"

"சும்மாதான். உடம்புக்கும் ஒரு பயிற்சி."

"நம்மகிட்டதான் இன்சூரன்ஸ் இருக்கே. எதுக்கு இந்த வெயில்ல வதங்குறீங்க? கண்ணாடி உடைஞ்சா கம்பெனிக்காரன் போட்டுத் தரான். இறங்கி வாங்க, படுத்துக்குங்க."

மாஸ்டருக்கு டீ புரையேறிவிட்டது. இருமி முடித்து, மனுஷன் என்று இருந்தால் எடுத்ததற்கெல்லாம் கம்பெனியை நம்பக் கூடாது, சொந்தக் கையை நம்ப வேண்டும் என்று ஒரு சின்னப் பிரசங்கம் செய்தார். அவள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டாள். "சரி, உங்க இஷ்டம்," என்று சொல்லிவிட்டு டம்ளரை வாங்கிக்கொண்டு போனாள். இந்த ஒரு வார்த்தையைக் கேட்கத்தான் வீடு கட்ட ஆரம்பித்ததிலிருந்து அவர் ஏங்கிக் கிடந்தார். கேட்டபோது அழுகை வந்தது.

வியாழக்கிழமை கிளினிக்குக்கு விடுமுறை விட்டார்கள். அவள் வீட்டிலேயே இருந்தாள். இருந்துகொண்டு போகிற வருகிற போதெல்லாம் எதையாவது சொன்னாள். மழைத்தண்ணீர்க் குழாயில் இலை அடைத்திருக்கிறது போல, பரவாயில்லை, இன்சூரன்ஸ் இருக்கிறது. தண்ணீர்த் தொட்டி மூடி ஆடுகிறது, போகட்டும், அதுக்கும்தானே இன்சூரன்ஸ். பின்பக்கத்து மரக்கிளை ஒன்று ஓட்டின்மேல் சாய்ந்திருக்கிறது, விழுந்தால் விழட்டும். அவள் ஒவ்வொன்றுக்கும் இன்சூரன்ஸ் என்று சொல்லச் சொல்ல, மாஸ்டர் ஒவ்வொன்றுக்கும் ஏணியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். குழாயைச் சுத்தம் செய்தார். மூடியைக் கம்பி போட்டுக் கட்டினார். கிளையை அறுத்தார். இரண்டு உள்ளங்கையிலும் கொப்புளம். இடுப்பு இருக்கிற இடத்தில் வேறு யாருடையதோ இடுப்பு இருந்தது.

சாயங்காலம் பதினோராவது கதவின் கடைசித் திருகாணியை முடுக்கிவிட்டுத் தெருவில் இறங்கி நின்று பார்த்தார். பதினோரு கதவும் சாத்தித் தாழ் போட்டு, வீடு கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றது. இந்த வீட்டின்மேல் தனக்கு இவ்வளவு ஆசை இருக்கிறது என்று அவருக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. கட்டும்போது எல்லாம் அவள் பார்த்துக்கொண்டாள், இவர் வந்து நின்று தலையாட்டினார். இந்த இரண்டு நாளில்தான் ஒவ்வொரு சுவரையும் கையால் தொட்டிருக்கிறார். இதற்கு ஏதாவது ஆனால் அவளுடைய முகத்தில் எப்படி முழிப்பது என்று நினைத்து, இன்னொரு தடவை வீட்டைச் சுற்றி வந்து ஒவ்வொரு தாழையும் இழுத்துப் பார்த்தார்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் காற்று பிடித்தது. ஜன்னலே இல்லாத நடைவழியில் இரண்டு பேரும் பாயை விரித்து உட்கார்ந்தார்கள். அவள் பக்கத்தில் தண்ணீர், டார்ச் லைட், வீட்டுப் பத்திரம் எல்லாம் ஒரு பையில் இருந்தன. காற்று வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்து ஒவ்வொரு கதவாகத் தட்டிப் பார்த்தது. தட்டல் கேட்கும்போதெல்லாம் மாஸ்டர், இது ஹால், இது படுக்கையறை, இது குளியலறை என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். மேலே எங்கோ ஓடு ஒன்று நகர்கிற சத்தம் கேட்டது. அதற்குமேல் அவரால் முடியவில்லை.

"நான் இன்சூரன்ஸ் எடுக்கலை," என்றார்.

"என்ன? கேக்கலை."

"இன்சூரன்ஸ் எடுக்கலைன்னேன்."

"காத்துல ஒண்ணும் காதுல விழலைங்க. சத்தமா சொல்லுங்க."

மாஸ்டர் மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டு, இருபத்திரண்டு வருஷம் பிரேக் பிரேக் என்று கத்திப் பழகின தொண்டையால், தான் இன்சூரன்ஸ் எடுக்கவே இல்லை, சொன்னதெல்லாம் பொய் என்று கத்தினார். அந்த நேரம் பார்த்துக் காற்று சட்டென்று ஓய்ந்தது. எதிர்வீட்டில் எலக்ட்ரீஷியன் இருமுகிற சத்தம்கூடக் கேட்டது. தெரு முழுக்க விஷயம் போய்ச் சேர்ந்துவிட்டது.

"தெரியும்," என்றாள் அவள். "அந்த ஆபீசுக்கு ஏது மூணாவது மாடி?"

மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் அவர் கையை எடுத்துக் கொப்புளங்களைப் பார்த்தாள். தைலத்தைத் தேய்த்துவிட்டாள். தேய்த்துக்கொண்டே, நீங்க முட்டி வலியோட வந்தீங்களே, அதுக்கு மறுநாளே நான் போய் எடுத்துட்டேன், வீடு ரெண்டு பேர் பேர்லயும்தானே இருக்கு என்றாள். சாதாரணமாக, ரேஷன் வாங்கி வந்ததைச் சொல்கிற மாதிரி சொன்னாள்.

மாஸ்டருக்கு முதலில் உயிர் வந்தது. ஓய்ந்த காற்று திரும்பவும் பிடித்தபோது கோபமும் வந்தது. ஆனால் அந்தச் சத்தத்தில் கோபப்பட்டால் வீணாகப் போய்விடும். மூணு மணி வரை அதை அடக்கி வைத்துக்கொண்டார்.

மூணு மணிக்குக் கதவைத் திறந்து வெளியே வந்தார்கள். தெருவெல்லாம் கிளையும் இலையும், நடுவில் யாருடையதோ ஒரு நீல பக்கெட். எல்லா வீட்டிலிருந்தும் ஆட்கள் வெளியே வந்து ஒருவரை ஒருவர் எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் இருந்தார்கள். இவர்கள் வீட்டில் இரண்டு ஓடு நகர்ந்திருந்தது, அவ்வளவுதான். பதினோரு கதவும் போட்ட தாழ் போட்டபடி நின்றன. மேகம் விலகி வெயில் லேசாக எட்டிப் பார்த்தது. மாஸ்டர் ஒவ்வொரு கதவாகத் திறந்தார். ஒரு கண்ணாடிகூட உடையவில்லை.

அந்த நேரத்தில் கோபப்படுவது கஷ்டம்தான். இருந்தாலும் அடக்கி வைத்ததாயிற்றே. பாலிசி கையில் இருக்கும்போதே இரண்டு நாள் தன்னை வெயிலில் போட்டு வறுத்தது என்ன நியாயம் என்று கேட்டார்.

"பாலிசி இருந்தது. கதவு இல்லையே," என்றாள் அவள். "கதவு மாட்டலைன்னா காத்துக்குப் பொறுப்பில்லைன்னு மூணாம் பக்கத்துல போட்டிருக்கான். அஞ்சு மாசம் வாய் வலிக்கச் சொன்னேன், நீங்க எழுந்திருச்சீங்களா? இன்சூரன்ஸ் இருக்குன்னு தெரிஞ்சா இன்னும் அஞ்சு மாசம் படுத்திருப்பீங்க. இல்லைன்னு நினைச்சதாலதானே ஏணி ஏறினீங்க?"

மாஸ்டர் யோசித்தார். ஒரு இடம் கிடைத்தது. அவர் முதுகு மெதுவாக நிமிர்ந்தது. அப்படியென்றால், கதவு மாட்டினதால்தான் அந்தப் பாலிசிக்கே உயிர். கதவு மாட்டினது யார்? இவர். கடைசியில் வீட்டைக் காப்பாற்றினது இவர்தான் என்று ஆகிறது. அவள் மறுக்கவில்லை. ஆமாம், நீங்கள்தான் என்று ஒப்புக்கொண்டாள். மாட்டியாகிவிட்டது என்று ஆபீசில் கொடுத்த தாளிலேயே அவர் பேரைத்தான் போட்டிருப்பதாகச் சொல்லி, பையிலிருந்து அதன் நகலை எடுத்துக் கொடுத்தாள்.

மாஸ்டர் வெயிலில் பிடித்துப் படித்தார். பதினோரு ஜன்னலுக்கும் புயல் கதவு மாட்டப்பட்டுவிட்டது. மாட்டியவர், கணவர். அழகான கையெழுத்து. கணவர் என்பதை இரண்டு தடவை படித்தார். எதிர்வீட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுக் காட்டலாம் என்றுகூடத் தோன்றியது. அப்போதுதான் கீழே இருந்த தேதி கண்ணில் பட்டது. செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி. ஆபீஸ் முத்திரையும் அதன்மேலேயே குத்தியிருந்தது.

"செவ்வாய்க்கிழமையே மாட்டியாச்சுன்னு எழுதியிருக்கே," என்றார் மாஸ்டர். "நான் புதன்கிழமைதானே ஏணியையே தொட்டேன்?"

"நீங்க புதன்கிழமை மாட்டிடுவீங்கன்னு எனக்குத் தெரியும்," என்றாள் அவள். "அவங்கதான் புயலுக்குப் பேர் வைக்கிறதுக்கு முன்னாடியே தாளைக் கேட்டாங்க."